மென்பொருள் பிழையைப் புகாரளிப்பது எப்படி? லிப்ரே ஆபீஸை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. தேடினால் கண்ணெதிரே இருக்கும் சொல் கிடைப்பதில்லை. கோப்பைத் திறந்ததும் செயலி மூடிக்கொள்கிறது. இப்படி ஏதாவது நடந்தால் நம்மில் பெரும்பாலோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் போடுகிறோம். நாலு பேர் "எனக்கும் இதே பிரச்சினைதான்" என்பார்கள், ஒருவர் வேறு செயலியைப் பரிந்துரைப்பார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். சரிசெய்யக்கூடிய ஆளின் காதுக்கு அது போகவே போகாது.

ஆங்கிலத்தில் ஒரு பிழை வந்தால் மென்பொருளை எழுதியவரே மறுநாள் பார்த்துவிடுவார். தமிழில் வந்தால் பார்க்கமாட்டார். அவருக்கு உடைந்த எழுத்தும் உடையாத எழுத்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். எனவே தமிழில் மென்பொருளைப் பயன்படுத்தும் நாம் சொன்னால்தான் உண்டு. தமிழ் அறியாத ஒருவர் தன் கணினியில் அதே பிழையைத் தானே கண்ணால் பார்க்கும்படி நாம் சொல்லவேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு லிப்ரே ஆபீஸை எடுத்துக்கொள்கிறேன். 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து உருவான கட்டற்ற அலுவலக மென்பொருள் இது. டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை இதை நடத்துகிறது. பிழைகளை யார் வேண்டுமானாலும் பதியலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இதில் பழகிக்கொண்டால் ஃபயர்பாக்ஸ் உலாவி, டெபியன் இயங்குதளம், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கும் சின்னச் சின்னத் திட்டங்கள் என எங்கும் இதே முறையைக் கையாளலாம்.

முதலில், அது பிழைதானா?

தமிழ்ப் பயனர்கள் லிப்ரே ஆபீஸில் அடிக்கடி முட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. எழுத்துருவை மாற்றுகிறோம், ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் அப்படியே நிற்கிறது. உடனே பிழை என்று தோன்றும். உண்மையில் லிப்ரே ஆபீஸ் ஒவ்வொரு பத்திக்கும் மூன்று எழுத்துருக்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது: மேற்கத்திய மொழிகளுக்கு ஒன்று, சீனம், ஜப்பானியம் போன்ற ஆசிய மொழிகளுக்கு ஒன்று, எழுத்தும் குறியும் சேர்ந்து வடிவம் மாறும் 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' எனப்படும் வகைக்கு ஒன்று. தமிழ் மூன்றாவதில் வரும். பத்தி பாணியைத் திருத்தும்போது மேற்கத்திய எழுத்துருவை மட்டும் மாற்றினால் தமிழ் நகராது. இதைப் பிழையாகப் பதிந்தால் ஒரு தன்னார்வலர் அரை மணி நேரம் செலவழித்து 'இது பிழை அல்ல' என்று மூடவேண்டி வரும்.

இன்னொன்று, பழைய எழுத்துரு முறைகள். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த ஆவணம், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதற்கு ஆவணத்தை யூனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி. மென்பொருள் மீது குற்றம் இல்லை.

இவை இரண்டும் இல்லை என்றால் அடுத்ததாகப் பதிப்பைப் பாருங்கள். உபுண்டுவோடு வந்ததையோ இரண்டு வருடத்துக்கு முன் நிறுவியதையோ வைத்துக்கொண்டு புகார் எழுதாதீர்கள். நீங்கள் சொல்லும் பிழை எப்போதோ சரியாகியிருக்கலாம். இப்போதைய பதிப்பை இறக்கி, அதில் மீண்டும் செய்து பாருங்கள். பிறகு ஹெல்ப் மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' என்று இருப்பதைச் சொடுக்குங்கள். கூடுதலாக நிறுவிய நீட்சிகளும் நீங்கள் மாற்றிவைத்த அமைப்புகளும் இல்லாமல் செயலி திறக்கும். அங்கே பிழை காணாமல் போனால் காரணம் உங்கள் அமைப்பிலோ நீட்சியிலோ இருக்கிறது.

யாருடைய பிழை?

எழுத்து உடைந்து தெரிந்தால் அதற்கு மூன்று பேர் பொறுப்பாக இருக்க முடியும்: செயலி, எழுத்துரு, இரண்டுக்கும் நடுவே எழுத்துகளைக் கோத்து வடிவம் தரும் நூலகம். இந்த நூலகத்தின் பெயர் ஹார்ஃப்பஸ். 2017-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து லிப்ரே ஆபீஸ் எல்லா இயங்குதளங்களிலும் இதைத்தான் பயன்படுத்துகிறது. ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவற்றிலும் இதுவே வேலை செய்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் யாரிடம் போவது என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். அதே வரியை வேறொரு எழுத்துருவில், உதாரணமாக நோட்டோ சான்ஸ் தமிழில், போட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் சந்தேகம் முதலில் பயன்படுத்திய எழுத்துருவின் மேல் விழுகிறது. அதை உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். எந்த எழுத்துருவிலும் உடைகிறது, ஆனால் ஃபயர்பாக்ஸில் அதே எழுத்துருவோடு சரியாக இருக்கிறது என்றால் லிப்ரே ஆபீஸிடம் போங்கள். எல்லாச் செயலிகளிலும் எல்லா எழுத்துருக்களிலும் ஒரே மாதிரி உடைந்தால் ஹார்ஃப்பஸ் வரைக்கும் போகவேண்டியிருக்கலாம். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். அதன் முடிவை அறிக்கையில் ஒரு வரியாக எழுதினால், படிப்பவர் அதே வேலையை மறுபடி தொடங்க வேண்டியதில்லை.

தட்டச்சில் வரும் சிக்கல் என்றால் விசைப்பலகை மென்பொருளையும் கணக்கில் எடுங்கள். தமிழ்99 அமைப்பு ஒன்றுதான், ஆனால் அதைச் செயல்படுத்தும் மென்பொருள்கள் பல. விண்டோஸின் சொந்த விசைப்பலகையில் வராத பிழை வேறொன்றில் வந்தால் புகார் அங்கேதான் போகவேண்டும்.

ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா?

லிப்ரே ஆபீஸின் பிழைகள் பக்ஸில்லா என்ற கருவியில் பதிவாகின்றன. மொசில்லாவுக்காக 1998-ல் எழுதப்பட்டது அது. பதிவதற்கு முன் அதில் தேடுங்கள். ஆங்கிலத்தில் 'தமிழ்' என்ற சொல்லோடு, 'இந்திக்', 'மலையாளம்' என்றும் தேடிப் பாருங்கள். நம்முடைய ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு போல மெய்க்கு முன்னால் வந்து நிற்கும் குறிகள் மலையாளத்திலும் உண்டு. நம் சிக்கலை ஒரு மலையாளி முன்பே பதிந்திருக்கலாம்.

கிடைத்துவிட்டால் புதிதாகப் பதியாதீர்கள். அங்கே போய் "எனக்கும்" என்று மட்டும் எழுதவும் வேண்டாம். அந்த ஒரு சொல் அந்தப் பதிவைப் பின்தொடரும் எல்லோருக்கும் மின்னஞ்சலாகப் போகிறது. 2016 ஜனவரியில் பல திட்டங்களின் பராமரிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து கிட்ஹப்புக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். 'பிளஸ் ஒன்' என்று மட்டும் எழுதப்படும் பின்னூட்டங்கள் அதில் சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. இரண்டு மாதத்தில் கட்டைவிரல் குறி போன்ற எதிர்வினைகளைக் கிட்ஹப் கொண்டுவந்தது. இப்போது அந்தக் குறியைத் தட்டினால் போதும். பக்ஸில்லாவில் அஞ்சல் நகல் பட்டியலில் உங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

புதிய தகவல் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். "நான் விண்டோஸில் பார்த்தேன், பதிந்தவர் லினக்ஸ் என்றிருக்கிறார்" என்பது பயனுள்ள பின்னூட்டம். "இப்போதைய பதிப்பிலும் இருக்கிறது" என்பதும் அப்படித்தான்.

மீண்டும் நிகழ்த்திக் காட்டுவது

முழு வேலையில் பாதி இதுதான். பிழையைத் திருத்தப்போகிறவர் முதலில் அதைப் பார்க்க வேண்டும். பார்க்க முடியாத பிழையை எவ்வளவு திறமைசாலியாலும் திருத்த முடியாது.

உங்கள் 80 பக்க ஆவணத்தில் பிழை வருகிறது என்று வையுங்கள். நகல் எடுத்துக்கொண்டு பாதியை அழியுங்கள். பிழை இருக்கிறதா? இருந்தால் மீதியிலும் பாதியை அழியுங்கள். இல்லையென்றால் அழித்த பாதியைத் திரும்ப எடுத்து அதில் தேடுங்கள். இப்படியே போனால் ஏழெட்டுச் சுற்றில் ஒரு பத்தி மிஞ்சும். பிறகு படங்களை எடுங்கள், அட்டவணையை எடுங்கள், அடிக்குறிப்பை எடுங்கள். ஒவ்வொன்றை எடுத்ததும் சோதியுங்கள். எதை எடுத்ததும் பிழை மறைகிறதோ அதில்தான் காரணம் இருக்கிறது. கடைசியில் கையில் மிஞ்சும் ஒற்றை வரிக் கோப்பைத்தான் அறிக்கையோடு இணைக்க வேண்டும்.

தமிழுக்கு மட்டும் இன்னொரு படி கூடுதலாக உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து உள்ளே வேறாக இருக்கலாம். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வழிகளில் எழுத முடியும். க-வுக்கு அடுத்து ஒகரக் குறி ஒன்றே வருவது ஒரு வழி. பதின்ம எண்ணில் அந்தக் குறி 3018. க-வுக்கு அடுத்து ஒற்றைக்கொம்பு 3014, அதற்கு அடுத்து துணைக்கால் 3006 என்று இரண்டு குறிகள் வருவது இன்னொரு வழி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. இரண்டையும் சமமாகவே கருதவேண்டும் என்று யூனிகோடும் சொல்கிறது. ஆனால் அப்படிக் கருதாத ஒரு செயலியில் ஒருவகையில் எழுதிய 'கொடி'யைத் தேடினால் மற்றவகை 'கொடி' அகப்படாது.

'ஸ்ரீ'யிலும் இதே கதை. ஸகரத்தில் தொடங்கி எழுதுவது ஒன்று, 2005-ல் யூனிகோட் 4.1-இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கி எழுதுவது இன்னொன்று. 'ஔ'வுக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து வைத்திருக்கும் ஆவணங்களும் ஏராளம். இது தட்டச்சுப் பிழைதான், மென்பொருள் மீது பழி போட முடியாது.

எனவே தேடல், வரிசைப்படுத்தல், எழுத்துப் பிழை திருத்தி, கர்சர் நகர்வு என எதில் சிக்கல் வந்தாலும் உள்ளே இருக்கும் குறிகளைப் பாருங்கள். லிப்ரே ஆபீஸின் சொற்செயலியான ரைட்டரில் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் அது பதினாறடிமான யூனிகோட் எண்ணாக மாறும் (மேலே சொன்ன 3018 அங்கே 0BCA என்று தெரியும்). மறுபடி அழுத்தினால் எழுத்தாகத் திரும்பும். அந்த எண்களை அறிக்கையில் எழுதிவிட்டால், தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாத பொறியாளருக்கும் விஷயம் உடனே புரிந்துவிடும்.

முன்பு சரியாக இருந்து இப்போது கெட்டுப்போன பிழை என்றால் அதைச் சொல்ல மறக்காதீர்கள். பழைய பதிப்புகள் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் காப்பகத்தில் கிடைக்கின்றன. எந்தப் பதிப்பு வரை சரி, எதிலிருந்து தவறு என்று நீங்கள் சொல்லிவிட்டால், இடைப்பட்ட மாற்றங்களை இருகூறாக்கித் தேடி, பிழையைக் கொண்டுவந்த ஒற்றை மாற்றத்தையே தன்னார்வலர்களால் சுட்டிவிட முடியும். அந்த மாற்றத்தைச் செய்தவரிடம் நேரடியாகக் கேள்வி போகும். பதிவு கவனிக்கப்படாமல் கிடக்கும் வாய்ப்பும் குறையும்.

எழுதுவது

அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும். அதை நினைத்துத் தயங்க வேண்டாம். அங்கே பதில் சொல்பவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. சின்ன வாக்கியங்களாக, ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியாக எழுதுங்கள். நம் அலுவலகக் கடிதங்களில் புழங்கும் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' போன்ற தொடர்களைத் தவிருங்கள், வெளிநாட்டவருக்கு அவை விளங்காது. சார், மேடம் தேவையில்லை. அங்கே பெயரைச் சொல்லி அழைப்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

மோசமான ஓர் அறிக்கை எப்படியிருக்கும்?

> தலைப்பு: தமிழ் வேலை செய்யவில்லை!!! அவசரம்
>
> தேடல் சுத்தமாக வேலை செய்யவில்லை. பல வருடமாக இப்படித்தான். எம்.எஸ். வேர்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. சீக்கிரம் சரிசெய்யவும்.

இதைப் படிப்பவரால் எதுவுமே செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, எந்தச் சொல், எப்படித் தேடினார், எதுவும் இல்லை. அதே விஷயத்தை இப்படிச் சொல்லலாம். இது எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்தது, இங்கே புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்:

> தலைப்பு: ரைட்டர் தேடல்: இரண்டு குறிகளாக எழுதப்பட்ட தமிழ் ஒகரம் அகப்படுவதில்லை
>
> செய்முறை:
> 1. இணைத்துள்ள கோப்பைத் திறக்கவும். அதில் இரண்டு வரிகள் உள்ளன. இரண்டும் பார்வைக்கு ஒன்றே.
> 2. முதல் வரியில் உள்ள சொல்லை நகலெடுக்கவும். இதில் ஒகரம் ஒரே குறி (3018).
> 3. தேடல் பெட்டியில் ஒட்டி, எல்லாவற்றையும் கண்டுபிடி என்று கொடுக்கவும்.
>
> நடப்பது: முதல் வரி மட்டும் தேர்வாகிறது.
>
> நடக்கவேண்டியது: இரண்டு வரிகளும் தேர்வாக வேண்டும். இரண்டாம் வரியில் ஒகரம் இரண்டு குறிகளாக (3014, 3006) உள்ளது. யூனிகோட்படி இரண்டும் சமம். தமிழ் வாசகருக்கு இவை ஒரே எழுத்து.
>
> ஒவ்வொரு முறையும் நிகழ்கிறது. சேஃப் மோடிலும் நிகழ்கிறது. வேறு எழுத்துருவிலும் அப்படியே.

இதன் கீழே பதிப்பு விவரம் வரவேண்டும். அதைக் கையால் அடிக்கத் தேவையில்லை. ஹெல்ப் மெனுவில் 'அபௌட் லிப்ரே ஆபீஸ்' திறந்தால் பதிப்பு எண், இயங்குதளம், மொழி அமைப்பு எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நகலெடுக்கும் பொத்தான் இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் இதற்கு இணையானது ஹெல்ப் மெனுவில் உள்ள 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கம்.

நடக்கவேண்டியது என்ன என்ற பகுதியில்தான் தமிழ் அறிந்தவரின் அருமை தெரியும். 'நடப்பது' என்ன என்பதைக் கோப்பைத் திறந்தால் எவரும் பார்த்துக்கொள்வார். எது சரி என்பது நமக்குத்தான் தெரியும். எழுத்து உடையும் பிழை என்றால் இரண்டு படங்களை அருகருகே வையுங்கள்: உடைந்தது ஒன்று, சரியானது ஒன்று. உடைந்த இடத்தைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டுங்கள். "கொம்பு க-வுக்கு இடப்பக்கம் வரவேண்டும், இங்கே வலப்பக்கம் வந்திருக்கிறது" என்று வடிவத்தை விவரியுங்கள். "எழுத்து தவறு" என்று மட்டும் எழுதினால் அவருக்கு அது வெறும் கோடுகள்தான்.

ஓர் அறிக்கைக்கு ஒரு பிழை. தேடலையும் அச்சிடலையும் ஒன்றாகப் போட்டால், ஒன்று சரியான பின்னும் மற்றது மிச்சமிருக்கும். பதிவை மூடவும் முடியாது, திறந்துவைக்கவும் முடியாது. முக்கியத்துவம் என்ற கட்டத்தை நீங்களே உச்சத்துக்கு ஏற்றாதீர்கள், அதைத் தரம் பார்க்கும் குழு முடிவு செய்யும். காரணம் இதுதான் என்று ஊகிப்பதானால், கண்டதை முதலில் எழுதிவிட்டு ஊகத்தைத் தனியே, ஊகம் என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஆங்கிலத்தைத் திருத்தித்தரச் சொல்வதில் தவறில்லை. பிழையையே அதனிடம் கண்டுபிடிக்கச் சொல்லி, தான் சோதிக்காததை அனுப்புவது பெரும் கேடு. இணையம்வழித் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற பரவலான கருவியின் பராமரிப்பாளர்கள் இப்படிக் குவிந்த போலி அறிக்கைகளால் எவ்வளவு நேரம் வீணானது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் அனுப்புங்கள்.

எதை இணைக்கக் கூடாது

பக்ஸில்லாவில் இணைக்கும் கோப்பை உலகமே இறக்கிக்கொள்ளலாம். பதிந்த பிறகு நீங்களாக அதை அழிக்கவும் முடியாது. பிழை வந்தது ஒரு பட்டா நகலிலோ சம்பளப் பட்டியலிலோ மாணவர் மதிப்பெண் தாளிலோ என்றால் அதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். பெயர், ஆதார் எண், தொலைபேசி எண் எல்லாவற்றையும் நீக்கி, பிழை இன்னும் வருகிறதா என்று பார்த்து, புதுக் கோப்பாகச் சேமியுங்கள். கோப்பின் பண்புகளில் உங்கள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஒளிந்திருக்கும், அதையும் பாருங்கள். ஸ்க்ரீன்ஷாட்டின் ஓரத்தில் திறந்திருக்கும் உலாவித் தாவல்கள்கூட நம்மைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

உலாவிக்கும் தளத்துக்கும் இடையே நடந்த பரிமாற்றத்தைப் பதிவுசெய்து உலாவியிலிருந்து எடுக்கும் 'ஹார்' கோப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் நீங்கள் உள்நுழைந்திருப்பதற்கான அடையாளங்களும் பதிவாகியிருக்கும். 2023-ல், உள்நுழைவுச் சேவை தரும் ஓக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவித் தளத்துக்குள் புகுந்தவர்கள், வாடிக்கையாளர்கள் ஏற்றியிருந்த இத்தகைய கோப்புகளிலிருந்தே உள்நுழைவு அடையாளங்களைத் திருடினார்கள். ஆண்ட்ராய்டின் பதிவுக் கோப்புகளையும் அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பேசும் விதம்

எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் கதையைக் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும் அந்தக் கருவியைப் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான், ஊதியமில்லாமல், பராமரித்துவந்தார். 2022-ல் அவருடைய அஞ்சல் குழுவில் சிலர் வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று திரும்பத் திரும்ப நெருக்கினார்கள். தன் மனநலம் நெடுநாளாகச் சரியில்லை, இது ஊதியமில்லாத வேலை என்று அவர் பதில் எழுதினார். நெருக்கடி ஓயவில்லை. உதவ வந்ததாகத் தோன்றிய ஒருவருக்குப் பராமரிக்கும் உரிமையில் பங்கு கிடைத்தது. அவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கணினிக்குள் ரகசியமாக நுழைய வழிசெய்யும் ஒரு பின்கதவை வைத்துவிட்டார். நெருக்கியவர்களும் அதே சதியின் அங்கமாக இருக்கலாம் என்பது பரவலான சந்தேகம். அந்தக் கடுமொழி அங்கே எவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. சாதாரணப் பயனர்களே தினமும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பதால்தான் அது எடுபட்டது.

அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்த பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ரூண்டின் அறிக்கை இதற்கு நேர்மாறானது. தன் கணினியில் உள்நுழைவுக்கு அரை விநாடி கூடுதலாகிறது என்பதைக் கவனித்து, ஏன் என்று தோண்டினார். முதலில் டெபியன் பாதுகாப்புக் குழுவுக்கும் லினக்ஸ் வழங்கல்களின் மூடிய குழுவுக்கும் சொன்னார். 2024 மார்ச் 29 அன்று பொதுவில் எழுதினார். எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த நிபந்தனையில் இயங்குகிறது, தனக்கு எதில் உறுதியில்லை என்று எல்லாம் அதில் இருந்தன. யாரையும் ஏசவில்லை.

நடைமுறையில் இதற்குப் பெரிய பயிற்சி ஒன்றும் தேவையில்லை. மென்பொருளைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றி எழுதாதீர்கள். "ஏன் இன்னும் சரிசெய்யவில்லை?" என்பதற்குப் பதில், "இதைச் சோதிக்க நான் ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். வேறு செயலிக்குப் போய்விடுவேன் என்று மிரட்டாதீர்கள். தனிப்பட்ட மின்னஞ்சலையும் ஃபேஸ்புக் கணக்கையும் தேடிப்பிடித்து நினைவூட்டாதீர்கள். கோபமாக இருக்கும்போது எழுதியதை மறுநாள் காலை படித்துவிட்டு அனுப்புங்கள். பிழையால் உங்களுக்கு ஏற்பட்ட இழப்பைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்: "எங்கள் பள்ளியில் வினாத்தாள் அச்சிடுவது நின்றுவிட்டது" என்பது அவர்களுக்கு உதவும் தகவல்.

பாதுகாப்புக் குறை என்றால் வழியே வேறு

மேலே சொன்னவையெல்லாம் பொதுவில் பதியும் பிழைகளுக்கு. பிறர் தரவைப் பார்க்க முடிகிறது, கணக்கைக் கைப்பற்ற முடிகிறது, ஒரு செய்தியை அனுப்பினாலே அடுத்தவர் கைபேசி முடங்குகிறது என்றால் பொதுவில் ஒரு சொல்லும் எழுதாதீர்கள்.

2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களை முடக்கியது. ஐஓஎஸ் 11.2.5-இல் அந்த எழுத்து திரையில் வந்தாலே செயலி விழுந்துவிடும். விஷயம் பரவியதும் பலர் அதை விளையாட்டாக அனுப்பத் தொடங்கினார்கள். பிப்ரவரி 19 அன்று 11.2.6-ஐ ஆப்பிள் வெளியிடும்வரை நீடித்த தொல்லை அது. நம் எழுத்துகளிலும் இப்படி ஒன்று தென்படலாம். தென்பட்டால் குழுவில் ஒட்டாதீர்கள், நிறுவனத்தின் பாதுகாப்பு முகவரிக்கு எழுதுங்கள். லிப்ரே ஆபீஸுக்குத் தனியே ஒரு பாதுகாப்பு அஞ்சல் முகவரி இருக்கிறது. மொசில்லாவின் பக்ஸில்லாவில் பதிவைப் பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும் காட்டும் தெரிவு உண்டு. கிட்ஹப்பில் பல திட்டங்கள் தனிப்பட்ட முறையில் புகாரளிக்கும் வசதியை இயக்கி வைத்திருக்கின்றன. இந்திய நிறுவனமோ அரசுத் தளமோ பதில் தராவிட்டால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னை அணுகலாம். இலங்கையில் ஸ்ரீலங்கா செர்ட் இருக்கிறது.

எப்படிச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். 2013-ல் கலீல் ஷ்ரெயாதே என்ற பாலஸ்தீனர், நண்பராக இல்லாதவரின் ஃபேஸ்புக் சுவரிலும் எழுத முடியும் என்று கண்டுபிடித்தார். அவர் அனுப்பிய புகாரில் போதிய விவரம் இல்லை, 'இது பிழை அல்ல' என்று பதில் வந்தது. பொறுமையிழந்து மார்க் ஸக்கர்பெர்க்கின் சுவரிலேயே எழுதிக் காட்டினார். குறை உடனே சரிசெய்யப்பட்டது, ஆனால் அனுமதியில்லாமல் பிறர் கணக்கில் சோதித்ததைச் சொல்லி ஃபேஸ்புக் பரிசுத் தொகையை மறுத்துவிட்டது. இன்னும் விவரம் கேட்டிருக்கவேண்டும் என்று நிறுவனத் தரப்பிலும் ஒப்புக்கொண்டார்கள். சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா 2019-ல் இன்ஸ்டாகிராமின் கடவுச்சொல் மீட்பில் இருந்த ஓட்டையைத் தனிப்பட்ட முறையில், செயல் விளக்கத்தோடு தெரிவித்தார். சரியான பிறகே வெளியில் எழுதினார். அவருக்கு 30,000 டாலர் கிடைத்தது.

உங்கள் சொந்தக் கணக்கிலோ அதற்கென்றே உருவாக்கிய சோதனைக் கணக்கிலோ மட்டும் சோதியுங்கள். ஓட்டை இருப்பது உறுதியானதும் நிறுத்திவிடுங்கள், உள்ளே போய்ப் பார்க்க வேண்டாம். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு அனுமதியின்றி நுழைவதற்கே இழப்பீடு கேட்க வழிசெய்கிறது. நேர்மையற்ற நோக்கம் என்று கருதப்பட்டால் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. நல்லது செய்யத்தான் போனேன் என்று பிறகு நிறுவுவது எளிதல்ல. நிறுவனம் சோதனைக்கு அனுமதி அளித்திருக்கிறதா, எதுவரை என்பதை அதன் அறிவிப்பில் முதலில் படியுங்கள்.

பொதுவில் எழுதும் முன் எவ்வளவு காலம் காத்திருப்பது? பாதுகாப்புக் குறைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழு 90 நாள் தருகிறது. பலரும் அதையே அளவாகக் கொள்கிறார்கள். உங்கள் முதல் கடிதத்திலேயே தேதியைக் குறிப்பிட்டுவிடுங்கள். பணம் தந்தால்தான் விவரம் சொல்வேன் என்ற தொனி ஒரு வரியில்கூட வந்துவிடக் கூடாது, அது மிரட்டலாகவே படிக்கப்படும்.

அனுப்பிய பிறகு

புதிய பதிவு 'அன்கன்ஃபர்ம்டு' என்ற நிலையில் இருக்கும். வேறொருவர் தன் கணினியில் பார்த்துவிட்டால் 'நியூ' ஆகும். 'நீட்இன்ஃபோ' (கூடுதல் தகவல் தேவை) என்றால் பந்து உங்கள் பக்கம். கேட்டதைக் கொடுத்துவிட்டு நிலையை நீங்களே 'அன்கன்ஃபர்ம்டு' என்று மாற்றுங்கள். பதில் சொல்லாமல் விட்டால் சில மாதங்களில் பதிவு மூடப்படும். நல்ல பிழைகள் இப்படிச் சாவது மிகவும் வருத்தத்துக்குரியது. அதனால் நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலைக் கொண்டே கணக்கைத் தொடங்குங்கள்.

'டூப்ளிகேட்' என்று மூடினால் பழைய பதிவைத் திறந்து பாருங்கள், உங்கள் சோதனைக் கோப்பு அதற்கும் உதவக்கூடும். 'ஒர்க்ஸ்ஃபார்மீ' என்றால் அவருடைய கணினியில் வரவில்லை என்றுதான் பொருள், உங்களை நம்பவில்லை என்று பொருள் அல்ல. எழுத்துரு, இயங்குதளம், மொழி அமைப்பு ஆகியவற்றில் என்ன வேறுபாடு என்று சேர்ந்து தேடுங்கள். 'நாட்அபக்' (பிழை அல்ல) என்று சொல்லி, தமிழ் மரபுபற்றிய புரிதலில் அவர் தவறியிருந்தால் அமைதியாகச் சான்று கொடுங்கள்: யூனிகோட் தரத்தின் தமிழ்ப் பகுதியோ, அச்சிட்ட பாடநூல் பக்கத்தின் படமோ போதும்.

நீண்ட நாள் அசையாத பதிவுகளுக்கு, இப்போதைய பதிப்பில் சோதித்துச் சொல்லும்படி தானியங்கிச் செய்தி ஒன்று வரும். அதைத் தொல்லை என்று ஒதுக்காமல் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இருக்கிறது அல்லது இல்லை என்று எழுதுங்கள்.

பிழை சரியாகிவிட்டது என்று அறிவிப்பு வந்தால், எந்தப் பதிப்பில் வரும் என்பதும் அதில் இருக்கும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நாள்தோறும் தயாராகும் சோதனைப் பதிப்புகளான தினசரி உருவாக்கங்களை இறக்கினால், இருக்கும் லிப்ரே ஆபீஸைத் தொடாமல் தனியாக நிறுவிப் பார்க்கலாம். உங்கள் ஒற்றை வரிக் கோப்பை அதில் திறங்கள். சரியாக இருந்தால் 'வெரிஃபைடு' என்று நிலையை மாற்றி, திருத்தியவரின் பெயரைச் சொல்லி நன்றி எழுதுங்கள். கணக்கில் உள்நுழைந்திருக்கும்போதே 'தமிழ்' என்று இன்னொருமுறை தேடிப் பாருங்கள். யாரோ பதிந்து, உறுதிசெய்ய ஆளில்லாமல் 'அன்கன்ஃபர்ம்டு' நிலையிலேயே நிற்கும் ஒன்று அகப்பட்டால் அதையும் உங்கள் கணினியில் செய்து பார்த்து எழுதிவிடலாம்.